வழங்கிப் பொறியை ஆயத்தம் செய்தல்

சென்னைக் கோயம்பேட்டிலிருந்து மேற்கே பூந்தமல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மதுரவாயலைக் கடந்து சென்றால் வேலப்பன்சாவடி என்னும் ஊரை அடையலாம். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தைச் சாவடி என்பது நம் வழக்கு. இன்று இவ்வூரில் வந்து காத்திருப்போருள் பலர் பிணியாளர். பல் மருத்துவக் கல்லூரி ஒன்றும், பொது மருத்துவக் கல்லூரி ஒன்றும் இங்கு இருத்தலின், சுற்றுப்புற ஊர்களிலிருந்து மக்கள் நாள்தோறும் மருத்துவம் நாடி வருகின்றனர்.

இத்தகைய ஊரில் இயங்கும் மருத்துவமனை ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். ஆவடியிலிருந்து முதியவர் ஒருவர் கடுங்காய்ச்சலோடு அங்கு வருகிறார். பெனிசிலின் மருந்து அவர் உடலுக்கு ஒவ்வாது. மூன்று ஆண்டுகட்கு முன்பு அவரைப் பார்த்த மருத்துவர் அதனைக் குறித்து வைத்துள்ளார். ஊசி போடுவதற்கு முன் அக்குறிப்பு இன்றைய மருத்துவரின் கண்ணிற் பட்டாக வேண்டும். முன்னாளில் பதிவேட்டு அறையில் கட்டுக் கட்டாக அடுக்கிய தாள்களினின்று அதனைத் தேடி எடுப்பர். இக்காலத்தில் அதனைக் காத்து வைத்திருப்பது தரவுத்தளம் என்னும் மென்பொருள். அம்மென்பொருள் குடியிருக்கும் பெருங்கணிப்பொறிக்கு வழங்கி என்று பெயர். சர்வர் என மக்கள் கூறுவதும் அதுவே. கேட்டவர்க்குக் கேட்டதை எடுத்து வழங்குதலின் அஃது அப்பெயர் பெற்றது. தரவுத்தளத்தை நிறுவுமுன் அவ்வழங்கியை எங்ஙனம் ஆயத்தம் செய்கின்றனர் என்பதை இப்பாடத்திற் காண்போம்.

செய்திகளை அட்டவணைகளாக வகுத்து, அவற்றிடையே உள்ள உறவைக் கொண்டு வேண்டியதைத் தேடி எடுக்கலாம் என்னும் கருத்தை ஐ.பி.எம். நிறுவன ஆராய்ச்சியாளர் எட்கர் காட் 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அக்கருத்தைப் பின்பற்றி, 1977-இல் லாரி எல்லிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் என்னும் மூவர் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் ஆக்கிய தரவுத்தளமே ஆரக்கிள். அது 1979-இல் விற்பனைக்கு வந்தபோது, அதனை ‘இரண்டாம் பதிப்பு’ என்று அழைத்தனர். முதற்பதிப்பு என ஒன்று விற்கப்படவே இல்லை! வணிகரின் சூழ்ச்சி எந்நாட்டிலும் ஒரு தன்மைத்தே போலும். இன்று வங்கிகள், அரசு அலுவலகங்கள், மருத்துவமனைகள் எனப் பெரிய அமைப்புகள் பலவற்றில் இத்தரவுத்தளம் பணி புரிகின்றது. நாம் இதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில் பொறியை வைக்கும் இடம். வேலப்பன்சாவடியை அடுத்த திருவேற்காட்டை ஒட்டிக் கூவம் ஆறு ஓடுகின்றது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தையும், மறு ஆண்டு அதே திங்கள் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலையும் இப்பகுதி மக்கள் மறந்திலர். புயலுக்குப் பின் பல இடங்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லை. ஆதலின், வழங்கியைத் தரைத்தளத்தில் வைத்தல் தகாது. மின்சாரம் நின்ற நொடியே மின்கலங்களினின்று ஓட்டம் தரும் யூ.பி.எஸ். கருவியும், அதன் பின்னே நெடுநேரம் தாங்கும் மின்னாக்கியும் வேண்டும். அம்மின்னாக்கியும் வெள்ளம் எட்டாத மேட்டில் இருத்தல் வேண்டும். பொறியை மாடியில் வைத்துவிட்டு மின்னாக்கியைக் கீழே வைத்தால், வெள்ளத்தின்போது இரண்டும் ஒருங்கே பயனற்றுப் போகும்.

அடுத்தது, லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஒன்றைப் பொறியில் அமைத்தல். அதன்பின் பயனர் கணக்குகளை ஏற்படுத்துவர். லினக்ஸில் ‘ரூட்’ என்னும் கணக்கு வீட்டுத் தலைவரைப் போன்றது; அதனாற் செய்யவொண்ணாதது யாதுமில்லை. அத்தகைய ஆற்றலைத் தரவுத்தளத்துக்குக் கொடுத்தல் நன்றன்று. அதில் ஒரு பிழை நேரின், பொறி முழுமையும் கெடும். ஆகவே, ‘ஆரக்கிள்’ என்னும் பெயரில் தனிக் கணக்கு ஒன்றை உண்டாக்கி, மென்பொருளை நிறுவும் உரிமைக்கு ஒரு குழுவும், தரவுத்தளத்தை ஆளும் உரிமைக்கு வேறொரு குழுவும் வகுக்கின்றனர். ரூட் கணக்கினின்று நிறுவ முயன்றால், நிறுவும் மென்பொருளே மறுத்து நின்றுவிடும்.

இனி, இவ்வேலையின் நுட்பமான பகுதிக்கு வருவோம். அது நினைவகத்தைப் பற்றியது. அடிக்கடி வேண்டப்படும் செய்திகளைத் தரவுத்தளம் வட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். எல்லாப் பணிகளும் அவ்விடத்தைப் பொதுவாகப் பயன்படுத்தும். 128 கிகாபைட் நினைவகமுள்ள வழங்கி ஒன்றில் 64 கிகாபைட் இப்பொது இடத்துக்கு ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம். லினக்ஸ் நினைவகத்தை 4 கிலோபைட் அளவுள்ள சிறு பக்கங்களாகப் பகுத்து ஆள்கின்றது. கணக்கிட்டால் 64 கிகாபைட்டில் 1,67,77,216 பக்கங்கள் உள்ளமை விளங்கும். ஒவ்வொரு பக்கமும் எங்குள்ளது என்பதைக் குறிக்க 8 பைட் வேண்டும். ஆக, இம்முகவரிப் பட்டியல் மட்டுமே 128 மெகாபைட் ஆகின்றது.

அதனால் என்ன என்று தோன்றலாம். ஆயின், இப்பட்டியல் ஒன்று மட்டும் இருப்பதன்று. ஒவ்வொரு பணியும் தனக்கென ஒரு படி வைத்துக்கொள்ளும். நூலகம் ஒன்றில் நூல்கள் பொதுவாயினும், நூற்பட்டியலை ஒவ்வொருவரும் தாமே எழுதிக் கையில் வைத்திருப்பதை ஒப்பது இது. காலை பத்து மணிக்குப் பதிவு மேசைகளிலும், ஆய்வுக்கூடத்திலும், மருந்தகத்திலுமாக 300 இணைப்புகள் திறந்திருக்கின்றன; அவை நாளடைவில் பக்கங்கள் அனைத்தையும் தொடுகின்றன எனின், பட்டியல்களுக்கே 37.5 கிகாபைட் நினைவகம் செலவாகிவிடும். பொறியின் நினைவகத்தில் கால் பங்குக்கும் மேற்பட்டது அது! அப்போது பொறி திணறும், மருத்துவர் காத்திருப்பார், முதியவரின் குறிப்பு திரைக்கு வாராது. மின்சாரம் உண்டு, வட்டும் பழுதில்லை. எனினும் பொறி நகராது. காரணம் அறியாதார் மேலும் நினைவகம் வாங்கிப் பொருளை இழப்பர்.

இதற்குத் தீர்வு எளிது. சிறு பக்கங்களுக்கு மாற்றாக 2 மெகாபைட் அளவுள்ள பெரும்பக்கங்களை முன்னரே ஒதுக்கி வைத்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் 32,768 பக்கங்களே போதும். பணி ஒன்றுக்கான பட்டியல் 256 கிலோபைட்டாகச் சுருங்கும். 300 பணிகளுக்கும் சேர்த்து 75 மெகாபைட் மட்டுமே ஆகும். இதனைப் பொறியின் அமைவுக் கோப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம். மருத்துவமனை இயங்கத் தொடங்கிய பின் இதனைச் செய்ய வேண்டுமாயின், தரவுத்தளத்தையே நிறுத்தியாக வேண்டும்.

நினைவகம் நிரம்பும்போது உதவுதற்கு, வட்டில் ‘ஸ்வாப்’ என்னும் இடமும் ஒதுக்குவர். நினைவகம் 2 முதல் 16 கிகாபைட் வரை இருப்பின் அதே அளவும், அதற்கு மேற்படின் 16 கிகாபைட்டும் ஒதுக்குதல் விதி.

இருப்புப்பாதைக் கைகாட்டியை ஆங்கிலத்தில் செமஃபோர் என்பர். டச்சு நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960-களில் அப்பெயரைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்தார். கைகாட்டி இறங்கும் வரை வண்டி நிற்பது போலவே, முறை வரும் வரை ஒரு பணி உறங்கி, குறிப்புக் கிடைத்ததும் விழித்தெழ இது துணைசெய்கின்றது. ஆரக்கிள் தரவுத்தளத்துக்கு, தொகுதிக்கு 250 வீதம் 128 தொகுதிகள், ஆக 32,000 கைகாட்டிகள் என அமைவுக் கோப்பில் குறித்தல் வேண்டும். இவ்வெண் குறைவாக இருப்பின் தரவுத்தளம் தொடங்காது. அப்போது திரையில் தோன்றும் பிழைச்செய்தி யாது தெரியுமா? ‘சாதனத்தில் இடமில்லை’ என்பதே. அதனைக் கண்டு வட்டு நிரம்பிவிட்டது என எண்ணிக் கோப்புகளை அழிக்கத் தொடங்கிய புதியோரும் உண்டு. வட்டிலோ ஏராளமான இடம் இருக்கும், தீர்ந்தவை கைகாட்டிகளே.

ஒரு பணி ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்புகள் 65,536, அவ்வொரு கணக்கின் கீழ் இயங்கக்கூடிய பணிகள் 16,384 என மேல் வரம்புகளையும் உயர்த்துவர். பொறியின் பெயரும் முகவரியும் பொருந்துமாறு எழுதுவர். கடிகாரத்தைப் பொதுநேர வழங்கி ஒன்றோடு இணைப்பர்; மருந்து கொடுத்த நேரம் பதிவில் முன்பின்னாக மாறினால் விளையும் கேட்டைச் சொல்ல வேண்டுவதில்லை. தரவுக் கோப்புகளையும், மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகளையும் வெவ்வேறு வட்டுகளில் வைப்பதும் இப்போதே தீர்மானிக்கப்படும்.

இவ்வேலைகளுட் பலவற்றைத் தானே செய்து முடிக்கும் முன்னேற்பாட்டுத் தொகுப்பு ஒன்றை ஆரக்கிள் நிறுவனம் இந்நாளில் தருகின்றது. ஒரே கட்டளையில் கணக்கு உண்டாகும், கைகாட்டி எண் எழுதப்படும், வரம்புகள் உயரும். ஆயினும், பெரும்பக்கங்கள் எத்தனை வேண்டும் என்பதை அது அறியாது. அதனை, மருத்துவமனையின் தேவையை உணர்ந்தவரே கணக்கிட்டு எழுதுதல் வேண்டும்.

எல்லாம் எழுதிய பின் பொறியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்குகின்றனர். கோப்பில் எழுதாமல் கட்டளையாக மட்டும் இட்ட மாற்றங்கள் இம்மறு இயக்கத்தில் மறைந்துபோகும். நள்ளிரவில் மின்தடையால் பொறி நின்று மீளும்போது அதனைக் காண்பதினும், பிணியாளர் எவரும் இல்லாத இந்நாளிற் காண்பது நன்று. எண்கள் எழுதியவாறே நிற்கக் கண்டபின், ஆரக்கிள் கணக்கில் நுழைந்து நிறுவும் மென்பொருளை இயக்குகின்றனர்.