வேட்புமனு போட்டாச்சு, தேர்தல் நடக்குமா?

2016 அக்டோபர் 4. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கு மனுத் தாக்கல் முந்தைய நாள்தான் முடிந்திருந்தது. அக்டோபர் 17, 19 என இரண்டு கட்டமாக வாக்குப்பதிவு. மொத்தம் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட பதவிகள். அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் தேர்தல் அறிவிக்கைகளையே ரத்து செய்தார். வழக்குப் போட்டவர் திமுகவின் ஆர்.எஸ்.பாரதி. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு சரியாகச் செய்யப்படவில்லை என்பது புகார். அறிவிக்கை வெளியிட்டதில் விதிகள் பின்பற்றப்படவில்லை, அவசரகதியில் நடந்திருக்கிறது என்றது நீதிமன்றம்.

இதில் எனக்கு ஒரு சந்தேகம். தேர்தல் தொடங்கிவிட்டால் கோர்ட் தலையிடக்கூடாது என்றுதானே சொல்வார்கள்? அப்புறம் இது எப்படி நடந்தது? தேடிப் பார்த்ததில் கிடைத்ததைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

நாமக்கல்லில் தொடங்கிய விதி

அந்த விதியின் வேர் நம்ம ஊரில்தான் இருக்கிறது. முதல் பொதுத்தேர்தலில், அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடியானது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1952 ஜனவரியில் வந்த தீர்ப்பின் சாரம் இது: தேர்தல் என்றால் வாக்குப்பதிவு நாள் மட்டும் கிடையாது, அறிவிக்கையில் தொடங்கி முடிவு அறிவிப்பு வரை எல்லாம் சேர்ந்ததுதான். நடுவில் நிறுத்தாதே, குறை இருந்தால் முடிந்தபிறகு தேர்தல் வழக்காகக் கொண்டுவா.

எங்கள் தொழில் பாஷையில் இது கோட் ஃப்ரீஸ். ரிலீஸ் தேதி நெருங்கிய பிறகு யாரும் கை வைக்கக்கூடாது.

1992இல் 73, 74ஆம் திருத்தங்கள் வந்தபோது இதே தடையை உள்ளாட்சிகளுக்கும் எழுதிவைத்தார்கள். ஊராட்சிகளுக்கு 243-ஓ, நகராட்சிகளுக்கு 243-இசட்ஜி. கூடவே 243-இ, 243-யு என்று இன்னும் இரண்டு பிரிவுகள்: பதவிக்காலம் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும். 2006இல் அகமதாபாத் மாநகராட்சி பற்றிய கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அடித்துச் சொன்னது. இயற்கைப் பேரிடர் மாதிரியான அசாதாரணக் காரணங்கள் தவிர, தள்ளிப்போட அனுமதி இல்லை.

அப்படியானால் ஓட்டை எங்கே?

தேர்தலுக்குள் நடக்கும் தப்பு வேறு, தேர்தல் நிற்கும் அடித்தளமே தப்பாக இருப்பது வேறு. ஒருவரின் மனு தள்ளுபடி ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த வார்டு யாருக்கு என்ற பட்டியலே சட்டப்படி இல்லையென்றால்? இந்த இரண்டுக்கும் நடுவிலிருக்கும் கோடு மங்கலானது. அதனால்தான் கடைசி நிமிஷ வழக்குகள் வருகின்றன. பட்டியல் தாமதமாக வந்தால் வழக்கும் தாமதமாகத்தானே வரும்?

கவனிக்க வேண்டியது, 2016 தீர்ப்பு தேர்தலே வேண்டாம் என்று சொல்லவில்லை. டிசம்பர் 31க்குள் நடத்தி முடிக்கச் சொன்னது. நடந்ததா? இல்லை. 2017இல் மே 14 என்றொரு கெடு, பிறகு நவம்பர் 17 என்றொரு கெடு. இரண்டும் போயே போச்சு. நடுவில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி வார்டு மறுவரையறை என்ற வேலை வந்து சேர்ந்தது. நிறுத்த ஒரு நாள் போதும், மறுபடி கிளப்பத்தான் வருஷக்கணக்கு.

மூன்றாண்டு வெற்றிடம்

2016 அக்டோபர் 24ஆம் தேதியோடு பழைய உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். ஊராட்சிகளுக்கு பிடிஓதான் தனி அலுவலர். ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக முப்பது ஊராட்சிக்கு மேல் வரும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் பிரசிடெண்ட் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கலாம், பிடிஓவை எங்கே பிடிப்பது? தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் தடைபட்டது.

2019: கொஞ்சம் புத்திசாலித்தனமான பேட்ச்

டிசம்பர் 2இல் புதிய அறிவிக்கை வந்தது. மறுபடியும் வழக்கு. புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் மறுவரையறை முடியாமல் தேர்தலா என்பது கேள்வி. டிசம்பர் 6இல் தலைமை நீதிபதி பாப்டே அமர்வு, பாதிக்கப்பட்ட 9 மாவட்டங்களை மட்டும் தள்ளிவைத்து, மற்ற இடங்களில் நடத்தச் சொன்னது. அப்படியே 27 மாவட்டங்களில் டிசம்பர் 27, 30இல் ஊரகத் தேர்தல் நடந்தது. பழுதான மாட்யூலை மட்டும் கழற்றிவிட்டு மற்றதை ஓடவிடுவது மாதிரி.

ஆனால் கழற்றியதை மாட்டுவதற்கு நான்கு மாதக் கெடு கொடுத்தும், அந்த 9 மாவட்டங்கள் வாக்களித்தது 2021 அக்டோபரில்தான். நகர்ப்புறத் தேர்தலோ 2022 பிப்ரவரி 19இல். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கவேண்டிய தேர்தல் தள்ளிப்போனதே ஐந்தாண்டுக்கு மேல்.

என் பார்வையில், தீர்வு கோர்ட்டில் மட்டும் இல்லை. வார்டு எல்லையும் இட ஒதுக்கீட்டுப் பட்டியலும் பதவிக்காலம் முடிய ஆறு மாதம் முன்பே இறுதியாக வேண்டும். வழக்குப் போட நினைப்பவர் அப்போதே போடட்டும், அறிவிக்கைக்கு முன்பே தீர்ப்பும் வரட்டும். அதன்பிறகு கோட் ஃப்ரீஸுக்கு ஒரு அர்த்தம் இருக்கும். அதைத் தவறவிட்டு கெடு மேல் கெடு விதிப்பதால் யாருக்கும் வலிக்கவில்லை என்பதை மேலே பார்த்தோம்.

அந்த 27 மாவட்டங்களில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. அடுத்து வந்தது தேர்தல் அல்ல, மறுபடியும் தனி அலுவலர்கள்.