சேற்றுக்குப் பிறந்த டாங்கி



டாங்கி என்றதும் உங்களுக்குக் குடியரசு தின அணிவகுப்பு நினைவுக்கு வரும். எனக்கோ எங்கள் வயல்தான் நினைவுக்கு வருகிறது.

போன தை மாதம் சம்பா அறுவடை நேரத்தில் மழை. கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. விட்டால் நெல் முளைத்துவிடும். இறக்கிய டயர் வண்டி பத்தடி போவதற்குள் புதைந்து நின்றது. "பெல்ட் வண்டியக் கூப்புடுறா தம்பி, வாடகை கூடுனா கூடிட்டுப் போவுது" என்றார் அப்பா. அது வந்து அதே சேற்றில் அறுத்து முடித்தது. "மெக்கானிக்கல் படிக்கிறியே, இது மட்டும் ஏன் புதையல?" என்று கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன்!

விடை, முதலாண்டில் படித்த சூத்திரம்தான். அழுத்தம் = எடை ÷ பரப்பு. டயர் தரையைத் தொடும் இடம் கொஞ்சம். பெல்ட்டோ நீளமாகப் படுத்து எடையைப் பரப்பிவிடுகிறது.

நம்மைப் போலவே ஆற்றுப்படுகைச் சேற்றில் அவதிப்பட்டவர்கள் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பகுதி விவசாயிகள். 1904-ல் அங்கே பெஞ்சமின் ஹோல்ட், நீராவி டிராக்டரின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, மரக்கட்டை கோத்த சங்கிலிப் பட்டையை மாட்டிப் பார்த்தார். வண்டி புதையவில்லை! முதல் உலகப் போரில் ஹோல்ட் டிராக்டர்கள் பீரங்கிகளை இழுத்தன. இதற்கே இரும்புக் கவசம் போட்டால் என்ன என்ற யோசனை பிரிட்டனில் எழுந்தது. ரகசியம் காக்கத் 'தண்ணீர்த் தொட்டி' என்று சொல்லிச் செய்ததால் 'டாங்க்' என்ற பெயரே நிலைத்தது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில், சுமார் 28 டன் எடையுள்ள 'மார்க் 1' முதன்முதலாக இறங்கியது. 1917-ல் வந்த பிரான்சின் ரெனோ டாங்கியில் பீரங்கிக் கூண்டு சுற்றிச் சுழன்றது. முன்னால் ஓட்டுநர், நடுவில் கூண்டு, பின்னால் என்ஜின் என்ற அந்த அமைப்பே இன்றும் பெரும்பாலான டாங்கிகளில் இருக்கிறது.

பிறகு ஒரே போட்டிதான். பீரங்கி பெருத்தால் கவசம் தடிக்க வேண்டும். கவசம் தடித்தால் எடை ஏறும். எடை ஏறினால் பட்டை அகல வேண்டும், என்ஜினும் பெருக்க வேண்டும்.

நம் ஆவடியிலும் இதே கதைதான். 1965-ல் அங்கிருந்து வெளிவந்த விஜயந்தா சுமார் 39 டன். பீரங்கி 105 மி.மீ. அங்கேயே வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் 58.5 டன், பீரங்கி 120 மி.மீ., என்ஜின் 1400 குதிரைத்திறன். ஆனால் அது தரையை அழுத்துவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.84 கிலோதான். சாதாரணக் காரின் டயரே சுமார் 2 கிலோ அழுத்துகிறது!

அர்ஜுன் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது 1974-ல். ராணுவத்தில் சேர்ந்ததோ 2004-ல். அதன் என்ஜினும் ஜெர்மனியிலிருந்து வந்தது. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் யார்? பட்டறையில் கை கறுக்க நிற்கும் நம்மைப் போன்றவர்கள்தானே!

அப்பாவுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டேன். "அப்ப நம்ம வயல்லயும் டாங்கிதான் ஓடிச்சுன்னு சொல்லு" என்று சிரித்தார்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்