ஃபால்கன் ஜெட்டின் கதை: நாகப்பூரில் பறக்கப்போகும் விமானமும் ஓசூரில் நின்றுபோன கனவும்!

சந்தை நாளில் வடுகபட்டிக்குள் நுழைந்தால், ஊருக்கு முன்னால் பூண்டு வாசனைதான் நம்மை வரவேற்கும். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிய மலைப்பூண்டு மூட்டைகள் ஒரு பக்கம், வெளியூர் லாரிகள் இன்னொரு பக்கம். போன முறை ஊருக்குப் போனபோது, தாத்தாவோடு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேற்கு மலைக்கு மேலே, வெள்ளைக் கோடு போட்டபடி சின்னதாக ஒரு விமானம் போனது.

"மதுரைக்குப் போறதாப்பா?" என்றார்.

மொபைலில் விமானங்களைக் காட்டும் ஆப்பைத் திறந்து பார்த்தேன். பயணிகள் விமானம் இல்லை. ஃபால்கன் 2000 என்கிற தனியார் ஜெட். "பத்துப் பேர் உட்காரலாம் தாத்தா, பணக்காரங்க போறது" என்றேன். அடுத்து அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

"இத நம்ம ஆளுக செய்றாங்களா, வெளிநாட்டுச் சரக்கா?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

மரக்கடையில் பிறந்த விமானக் கம்பெனி

ஃபால்கன் ஜெட்டைத் தயாரிப்பது பிரான்ஸின் டசால்ட் நிறுவனம். நம் விமானப்படையின் ரஃபேல் போர் விமானம் தயாராகும் அதே கம்பெனிதான். இதைத் தொடங்கியவர் மார்செல் ப்ளோக். 1892-ல் பாரீஸில் பிறந்த யூதர். முதல் உலகப்போர் நடந்தபோது, விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லரைப் புதிதாக வடிவமைத்தார். அந்தக் காலத்தில் புரொப்பெல்லர் மரத்தில் செய்வது. அதனால் அது தயாரானது பாரீஸில் இருந்த ஒரு நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில்!

போர் முடிந்ததும் ஆர்டர் நின்றுபோனது. விமானத் தொழிலையே விட்டுவிட்டார். பல வருடங்கள் கழித்து, 1930 வாக்கில்தான் மறுபடியும் உள்ளே வந்தார். அடுத்து இரண்டாம் உலகப்போர். ஜெர்மானியர்களுக்காக வேலை செய்ய மறுத்தவரை, 1944-ல் புக்கன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் உயிரோடு மீண்டபோது அவருக்கு வயது 53.

வீட்டுக்கு வந்தவர் பெயரையே மாற்றிக்கொண்டார். ஜெர்மானியரை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் அவருடைய அண்ணன் வைத்துக்கொண்ட புனைபெயரிலிருந்து பிறந்ததுதான் 'டசால்ட்'. பிரெஞ்சில் பீரங்கி வண்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

'நமக்கு வேண்டிய பறவை கிடைத்துவிட்டது!'

போர் விமானங்களில் பேர் வாங்கிய டசால்ட், 1963-ல் பத்துப் பேர் போகிற அளவில் ஒரு சின்ன ஜெட்டைப் பறக்கவிட்டது. பெயர், மிஸ்டேர் 20. மே 4 அன்று பிரான்ஸின் போர்தோ நகரத்தில் முதல் பறத்தல்.

அந்த நேரத்தில் அமெரிக்காவின் பான் ஆம் விமான நிறுவனம், கம்பெனி முதலாளிகளுக்கு விற்பதற்காக ஒரு சின்ன ஜெட்டைத் தேடிக்கொண்டிருந்தது. தேடும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் சார்லஸ் லிண்ட்பெர்க். 1927-ல் தன்னந்தனியாக, எங்கேயும் இறங்காமல் நியூயார்க்கிலிருந்து பாரீஸுக்கு அட்லான்டிக் கடலைத் தாண்டிப் பறந்த அதே லிண்ட்பெர்க்! பிரான்ஸில் இந்த விமானத்தைப் பார்த்ததும், 'நமக்கு வேண்டிய பறவை கிடைத்துவிட்டது' என்று தன் முதலாளிக்குத் தந்தி அடித்தார்.

பான் ஆம் கொடுத்தது 40 விமானங்களுக்கு ஆர்டர். பிடித்திருந்தால் இன்னும் 120 வாங்குவோம் என்று ஒரு கொக்கியும் போட்டது. சும்மா கொடுக்கவில்லை. 'இன்ஜின் சரியில்லை, மாற்று' என்றது. டசால்ட் முதலில் பொருத்திய இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் இன்ஜினைப் பொருத்தியது. அமெரிக்கச் சந்தைக்காகப் பெயரும் ஃபால்கன் ஆனது. ஃபால்கன் என்றால் வல்லூறு.

1973 ஏப்ரலில் இன்னொரு வாடிக்கையாளர் வந்தார். புதிதாகத் தொடங்கிய ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்ற கூரியர் கம்பெனி, 14 ஃபால்கன் விமானங்களை வைத்துக்கொண்டு முதல் ராத்திரி 186 பார்சல்களைக் கொண்டுபோனது. அதுதான் இன்றைய ஃபெட்எக்ஸ்!

அதன் பிறகு குடும்பம் பெருகியது.

ஃபால்கன் 10 (1970): அண்ணனைவிடச் சின்ன தம்பி.
ஃபால்கன் 50 (1976): மூன்று இன்ஜின்கள். நீண்ட கடல் பயணத்துக்கு ஏற்றது.
ஃபால்கன் 900 (1984): அதே மூன்று இன்ஜின், இன்னும் அகலமான உள்பகுதி.
ஃபால்கன் 2000 (1993): இரண்டே இன்ஜின். இதன் இப்போதைய மாடல் சுமார் 7,400 கிலோமீட்டர் நிற்காமல் பறக்கும்.
ஃபால்கன் 7எக்ஸ் (2005): பைலட்டின் கட்டளையை இரும்புக் கம்பிகளுக்குப் பதில் கம்ப்யூட்டர் வழியாக இறக்கைக்குக் கொண்டுபோன முதல் பிசினஸ் ஜெட்.

இதுவரை 2,700-க்கும் மேற்பட்ட ஃபால்கன்களை டசால்ட் விற்றிருக்கிறது.

நாகப்பூருக்கு வந்த வல்லூறு

இந்தியாவுக்கு டசால்ட் புதுசு இல்லை. 1953-லேயே அதன் போர் விமானங்களை வாங்கி 'தூஃபானி' என்று பெயர் வைத்தோம். 1980-களில் மிராஜ் 2000 வந்தது. 2016-ல் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டோம். இத்தனை வருடமும் நாம் வாங்குகிறவர்கள். அவர்கள் செய்கிறவர்கள்.

2017 அக்டோபரில், அனில் அம்பானியின் ரிலையன்ஸ் குழுமத்தோடு சேர்ந்து டசால்ட் நாகப்பூரில் ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டியது. 2019 முதல் அங்கே ஃபால்கன் 2000-ன் முன்பகுதி தயாராகிறது. 2025 ஜூனில், பாரீஸ் விமானக் கண்காட்சியில் பெரிய அறிவிப்பு வந்தது. முழு ஃபால்கன் 2000 விமானத்தையும் நாகப்பூரிலேயே பொருத்திப் பறக்கவிடப் போகிறார்கள். ஃபால்கன் விமானம் பிரான்ஸுக்கு வெளியே முழுதாக உருவாவது இதுதான் முதல்முறை. 2028-க்குள் முதல் விமானம் பறக்க வேண்டும் என்பது இலக்கு.

ஆக, தாத்தாவின் கேள்விக்கு முதல் பதில்: 'வெளிநாட்டுச் சரக்குதான். ஆனா சீக்கிரமே நம்ம ஆளுக கையால பூட்டி, நம்ம மண்ணுலேர்ந்து பறக்கப்போகுது.'

ஆனால், 'அப்போ நாமளே யோசிச்சு, நாமளே ஒண்ணு செஞ்சதில்லையா?' என்று அவர் கேட்டால்? அதற்கான பதில் தமிழ்நாட்டில் இருக்கிறது.

ஓசூரில் தயாரான விமானம் தெரியுமா?

ஓசூர் பக்கத்தில் பேலகொண்டப்பள்ளி. 1994-ல் தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற நிறுவனம் அங்கே சொந்த ஓடுதளத்தோடு விமானத் தொழிற்சாலையைத் தொடங்கியது. சுதந்திர இந்தியாவில் ராணுவம் சாராத விமானத்தைத் தயாரிக்க வந்த முதல் தனியார் நிறுவனம் இது. இத்தாலியின் பார்டெனாவியா கம்பெனியோடு கைகோத்து, பி68சி என்ற ஆறு இருக்கை விமானத்தைச் செய்தார்கள். ஜெட் இல்லை. இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு புரொப்பெல்லர். ஆனாலும், ஓசூரிலிருந்து ஒரு விமானம் தயாராகி மேலே ஏறியது!

சில விமானங்களோடு அது நின்றுபோனது. கம்பெனி மூடவில்லை. பாகங்கள் தயாரிப்பது, விமானப் பராமரிப்பு என்று பாதையை மாற்றிக்கொண்டது. பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகம் வடிவமைத்த 'ஹன்சா' என்கிற இரண்டு இருக்கைப் பயிற்சி விமானத்தையும் தயாரித்துக் கொடுத்தது. ஹன்சாவை அரசே வாங்கி, விமானம் ஓட்டக் கற்றுத்தரும் கிளப்களுக்குக் கொடுத்தது.

அதே ஆய்வகத்தின் பெரிய கனவு 'சாரஸ்'. 14 பேர் போகக்கூடிய விமானம். 1991-ல் சோவியத் ஒன்றியத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கினார்கள். அந்த வருடமே சோவியத் சிதறியது. 1998-ல் பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டது. எல்லாவற்றையும் தாண்டி 2004 மே 29 அன்று சாரஸ் பறந்தது. ஆனால், திட்டமிட்டதைவிட எடை கூடிப்போயிருந்தது. 2009 மார்ச் 6 அன்று சோதனைப் பறத்தலின்போது இரண்டாவது சாரஸ் பெங்களூரு பக்கத்தில் பிடதியில் விழுந்து, விமானப்படை அதிகாரிகள் மூன்று பேர் உயிரிழந்தனர். திட்டம் முடங்கியது. 2018 ஜனவரியில்தான், திருத்தப்பட்ட சாரஸ் மறுபடியும் வானத்தைத் தொட்டது. இப்போது அதை 19 இருக்கை விமானமாக மாற்றும் வேலை நடக்கிறது.

மூட்டையைத் திருப்பி அனுப்பும் வியாபாரி

டசால்ட்டுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? மூளை குறைவா? உழைப்பு குறைவா? இரண்டும் இல்லை.

இதற்கான பதிலை நான் படித்த புத்தகங்களைவிட, வடுகபட்டி சந்தை தெளிவாகச் சொல்கிறது. சரியாகக் காயாத பூண்டைக் கொண்டுவந்தால், வாங்குகிற வியாபாரி கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். "காய வச்சுக் கொண்டா, நான் எடுத்துக்கறேன்" என்பார். அந்த இரண்டாவது வார்த்தைதான் முக்கியம். குறையும் சொல்லி, வாங்கவும் செய்கிற ஆள் இருந்தால்தான் அடுத்த வெள்ளாமை நன்றாக வரும்.

டசால்ட்டுக்கு அந்த வியாபாரி பான் ஆம். இன்ஜினை மாற்றச் சொன்னது, 40 விமானங்களுக்குக் கையெழுத்தும் போட்டது. முதல் வடிவத்திலேயே ஃபால்கன் கச்சிதமாக இருக்கவில்லை என்பதுதான் உண்மை. திருத்திக்கொள்ள அதற்கு வாய்ப்பும் பணமும் கிடைத்தன. ஓசூர் விமானத்துக்கு அப்படியொரு முதல் பெரிய வாடிக்கையாளர் வரவில்லை. சாரஸுக்கோ ஒவ்வொரு தடங்கலுக்குப் பிறகும் பணத்துக்காகக் காத்திருப்பதிலேயே காலம் போனது.

நாகப்பூர் தொழிற்சாலை நல்ல விஷயம்தான். விமானத்தின் ஆணியைப் பூட்டத் தெரிந்த கை ஆயிரம் இருந்தால், நாளைக்கு வடிவமைக்கிற கையும் வரும். தமிழ்நாட்டிலும் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைத்து பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஐ.டி.ஐ-யும் டிப்ளமோவும் படித்த நம் தேனிப் பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால், பாகம் செய்வதோடு நின்றுவிட்டால், வடிவமும் பெயரும் எப்போதும் வேறு யாருடையதாகவோதான் இருக்கும்.

இதையெல்லாம் போனில் தாத்தாவிடம் சொன்னேன். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ நம்ம புள்ளைக செய்ற விமானத்த மொதல்ல யாரு வாங்குவா?" என்றார்.

நியாயமான கேள்வி. விமானம் செய்யத் தெரியுமா என்று நம் இன்ஜினீயர்களிடம் கேட்டுவிட்டோம். பறந்து காட்டிவிட்டார்கள். தாத்தாவின் கேள்வியை, இனி வாங்கும் இடத்தில் இருக்கிற அரசிடமும் விமான நிறுவனங்களிடமும்தான் கேட்க வேண்டும்.