முற்றத்து வெயிலில் கண்ட முக்கோணம்

பிறந்து மூன்று நாளான சிசு. அரையில் ஒரு துணி, கண்களில் ஒரு கட்டு. வேறொன்றும் இல்லாமல் நீல வெளிச்சத்தின் கீழே படுத்திருந்தது. "அண்ணா, கண்ணைக் கட்டிவிட்டார்களே!" என்று என் தங்கை விம்மினாள். தாயாரோ, "வாசல் இளவெயிலில் காட்டினால் போதாதா? உங்களையெல்லாம் அப்படித்தானே வளர்த்தேன்?" என்றாள்.

அதை அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. இந்தச் சிகிச்சை பிறந்ததே வெயிலில்தான்.

இங்கிலாந்தில், எஸ்ஸெக்ஸ் ஜில்லாவிலுள்ள ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளைக் கவனித்து வந்தவர் ஸிஸ்டர் வார்டு என்ற நர்ஸ். புழுக்கமான அறையைக் காட்டிலும் வெளிக்காற்றும் வெயிலுமே சிசுக்களுக்கு உகந்தவை என்பது அந்த அம்மையாரின் திடமான அபிப்பிராயம். ஆகையால், நல்ல வெயில் நாட்களில் அவர்களை முற்றத்துக்குக் கொண்டுபோய்விடுவார். 1956-ஆம் வருஷக் கோடையில் ஒரு நாள், பார்வையிட வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினார். உடம்பு வெளிறியிருந்தது, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அழுத்தமான மஞ்சள். ஏதோ மருந்து பூசியிருப்பதாக டாக்டர் எண்ணினார். விஷயம் நேர்மாறானது. துப்பட்டியின் நுனி மூடியிருந்த இடம் அது; வெயில் பட்ட மற்ற இடங்களிலெல்லாம் காமாலை மங்கிப் போயிருந்தது!

பிறகு இன்னொரு சம்பவம். காமாலை கண்ட ஒரு குழந்தையின் ரத்தம் வெயில் படும் இடத்தில் சில மணி நேரம் இருந்துவிட்டது. சோதித்தபோது அதில் மஞ்சள் பொருள் எதிர்பாராத விதமாகக் குறைந்திருந்தது. புதிதாக எடுத்த ரத்தத்திலோ ஏராளமாக இருந்தது. கிரெமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகிய மூவரும் நீல விளக்குகளைக் கொண்டு ஒரு சாதனம் அமைத்து, பலனை 1958-இல் 'லான்ஸெட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். அமெரிக்க வைத்தியர்கள் இதைப் பெரிதாக மதிக்க 1968-இல் லூஸியின் பரிசோதனை வரவேண்டியிருந்தது. முற்றத்து நர்ஸின் பேச்சு என்றால் அவ்வளவு அலட்சியம் போலும்!

அந்த மஞ்சள் பொருளின் பெயர் பிலிரூபின். சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாவது. அதைக் கரையும்படி மாற்றி வெளியேற்றுவது ஈரலின் வேலை; பிறந்த சிசுவின் ஈரலுக்கு அந்தச் சாமர்த்தியம் வரச் சில நாள் பிடிக்கும். பெரும்பாலான சிசுக்களுக்கு இது தானாகவே தணிந்துவிடும். மிதமிஞ்சினாலோ மூளையில் படிந்து, செவியையும் அங்க அசைவையும் ஆயுள் முழுவதும் கெடுத்துவிடக்கூடும். நீல ஒளி தோலில் புகுந்து பிலிரூபினின் உருவத்தையே மாற்றுகிறது. மாறியது ஈரலின் தயவின்றிப் பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடுகிறது. கண்கட்டு, அந்தப் பிரகாசத்திலிருந்து கண்ணைக் காப்பதற்காக.

அப்படியானால் வாசல் வெயில்? அதில் நீல ஒளி உண்டு; ஆனால் தோலைச் சுடும் கிரணங்களும் உண்டு. வேண்டிய அளவு நேரம் துணியின்றிக் கிடத்தினால் குழந்தை வெந்துபோகும், அல்லது குளிரில் விறைத்துவிடும். எவ்வளவு ஒளி சேர்ந்தது என்று அளப்பார் யார்? அதற்குள் முதல் நாளிலேயே மஞ்சள் தோன்றிய குழந்தைக்கும், பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கும் குழந்தைக்கும் பொன்னான நேரம் வீணாகிவிடும். நம் குழந்தைகளின் மாநிறத்தில் மஞ்சள் எளிதில் தெரிவதுமில்லை. விழியின் வெண்மையைப் பார்க்க வேண்டும், ரத்தத்தைச் சோதிக்க வேண்டும்.

இதையெல்லாம் தாயாரிடம் சொன்னேன். பாதி கேட்டாள். பால் கொடுப்பதற்காக விளக்கை அணைத்துக் கண்கட்டை அவிழ்த்தபோது, குழந்தையின் விழியை முதலில் உற்றுப் பார்த்தவள் அவள்தான்.