ஊற்றுக்காட்டு வம்சாவளி

வாலாஜாபாத்துக்கு அருகே ஊத்துக்காடு என்று ஓர் ஊர். பல்லவர் காலத்தில் அது ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக்கே பெயர் கொடுத்த ஊர். அந்தக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்ற கிராமத்தைப் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் தன் 22-ஆம் ஆட்சியாண்டில் ஓர் அந்தணருக்குத் தானம் தந்தான். காரைக்கால் அருகே காசாக்குடியில் கிடைத்த 11 செப்பேடுகள் இதைச் சொல்கின்றன.

அந்த ஏடுகளில் நிலம் பிறகுதான் வரும். முதலில் வருவது குலம். பிரம்மா, பிருகஸ்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன் என்று இறங்கி, கடைசியில் நந்திவர்மனின் தாய் தந்தையான ரோகிணி, இரணியனிடம் வந்து சேரும். அதன் பிறகே நாட்டார் எல்லையைச் சுற்றிவந்து கல்லும் கள்ளியும் நட்ட செய்தி.

இத்தனை நீளமாகக் குலம் சொல்லக் காரணம் உண்டு. முன் ஆண்ட அரசன் வாரிசின்றி இறந்தபோது, பழைய பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணுவின் தம்பி வழியில் வந்த 12 வயதுச் சிறுவன் நந்திவர்மனை அழைத்து முடிசூட்டினார்கள். அவனுக்கு வம்சாவளிதான் உரிமைப் பத்திரம். காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் அதையே சிற்பமாகவும் செதுக்கினார்கள். தளிர்ப் படுக்கையில் கிடக்கும் குழந்தைப் பல்லவன் ஒரு பலகையில். அரசேற்க அண்ணன்மார் மூவரும் மறுக்க, கடைக்குட்டி நந்திவர்மன் "நான் போகிறேன்" என்று முன்வருவது இன்னொன்றில். அவற்றை ஆராய்ந்து எழுதிய சி. மீனாட்சி 1940-இல் மறைந்தார்; நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. மணற்கல் முகங்கள் பல இன்று கரைந்துவிட்டன.

இன்று அந்தக் காஞ்சி வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உருண்டு வெளிவருகின்றன. ஆலைக்கு நிலம் வேண்டும். தொழில் நோக்கங்களுக்கான 1997-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நோட்டீஸ் வந்ததும், இழப்பீடு வாங்கக் குடியானவர் வம்சாவளி எழுதுகிறார். பட்டா தாத்தா பெயரில் இருக்கும். அவர் பெயருக்கு முன்னால் 'லேட்'. கீழே இரண்டு மனைவியர், ஏழு பிள்ளைகள், கோடு போட்டுப் பேரன் பேத்திகள். கூடவே தாசில்தார் தரும் வாரிசுச் சான்று.

நிலத்தைக் கொடுத்த அரசன் அன்று தன் குலத்தை எழுதினான். நிலத்தை விட்டுக்கொடுக்கும் குடியானவர் இன்று தன் குலத்தை எழுதுகிறார். இந்தத் தலைகீழ் மாற்றம் என்னை வருத்துகிறது.

ஆனால் குடியானவரின் இந்தப் பட்டியலில் நான் பெருமையாகப் பார்க்கும் ஒன்றும் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும், பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு தந்த 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின், கட்டிக்கொடுத்து அனுப்பிய அத்தைகளின் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆதிலட்சுமி, முனியம்மாள், கன்னியம்மாள் போன்ற பெயர்கள் வரிசையில் ஏறுகின்றன. பல வீடுகளில் பாட்டியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் இந்தத் தாள்தான்.

பணம் கைக்கு வந்ததும் தாள் அலுவலகக் கோப்புக்குப் போய்விடுகிறது. கொடுக்குமுன் ஒரு நகல் எடுத்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நிலம் போனாலும், அதில் நாற்று நட்டவர்கள் இன்னார் என்று பிள்ளைகள் படிக்கட்டும்.