ஸ்டெப்னிக்கு எங்கே இடம்?

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் ரோடு சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பகுதி ஜல்லியும் மண்ணும். அங்கே டிரெய்லர் இழுத்துப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஸ்டெப்னியைப் பற்றித்தான்.

பெரிய டயர், ரிம்மோடு சேர்ந்தால் 30 கிலோவைத் தாண்டும். பின்கதவில் தொங்கவிட்டால், ஓயாத அதிர்வில் கீல் தளரும், தகடு விரியும். சேஸியோடு போல்ட் போட்ட பின் பம்பரில், கதவுபோலத் தனியே திறக்கும் இரும்புச் சட்டத்தில் மாட்டுவதே நல்லது. மாட்டியதும் டிரெய்லரைக் கோத்துவிட்டுச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். டிரெய்லரின் முன்பக்கத் தாங்கு சக்கரமான ஜாக்கி வீலில் அது இடிக்கலாம். வண்டியை முழுக்க ஒடித்துத் திருப்பியும் பாருங்கள்: ஸ்டெப்னி டிரெய்லர் முகப்பில் உரசக் கூடாது. நம்பர் பிளேட்டும் விளக்கும் மறையக் கூடாது.

வண்டிக்கும் டிரெய்லருக்கும் ஒரே அளவு சக்கரம், ஒரே போல்ட் அமைப்பு இருந்தால், எது பஞ்சரானாலும் அதே ஸ்டெப்னி கைகொடுக்கும்.