உறையைப் பிரிக்காத தபால்காரர்

எடமலைப்பட்டி புதூரிலிருந்து நீங்கள் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதுகிறீர்கள். தபால்காரர் உறையின் மேலுள்ள விலாசத்தை மட்டுமே பார்க்கிறார். உள்ளே இருப்பது பாராட்டா, புகாரா என்று அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. இணையமும் இப்படித்தான் இருக்க வேண்டுமா? இதுவே 'இணையச் சமநிலை' பற்றிய விவாதம்.

இணையத்தில் நீங்கள் அனுப்பும் படம் முழுதாகச் செல்வதில்லை. அது பல சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1500 பைட்டுகளுக்கு மிகாது. ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் விலாசங்கள் எண்களாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வழியிலுள்ள 'ரவுட்டர்' கருவிகள் அந்த விலாசத்தைப் படித்து, பொட்டலத்தை அடுத்த கருவிக்கு அனுப்புகின்றன. சேருமிடத்தில் எல்லாம் ஒன்றுகூடி மீண்டும் படமாகின்றன.

ஆனால், பொட்டலம் எந்தத் தளத்துக்கு உரியது என்று கண்டறியும் கருவிகளும் உண்டு. அவற்றைக் கொண்டு, ஒரு தளத்தை விரைவாகவும் மற்றொன்றைத் தாமதமாகவும் அனுப்பலாம்; வெவ்வேறு கட்டணமும் வாங்கலாம். அப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது என்பதே இணையச் சமநிலை. 2003-ல் அமெரிக்கப் பேராசிரியர் டிம் வூ இக்கருத்துக்குப் பெயர் சூட்டினார்.

சில தளங்களை இலவசமாகக் கொடுத்தால் நல்லதுதானே? 2015-ல் இந்தியாவில் எழுந்த கேள்வி இது. ஃபேஸ்புக் நிறுவனத்தின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்டத்தில், அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்ட தளங்களை மட்டும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒன்றுமே இல்லாத ஏழைக்கு இதாவது கிடைக்கட்டும் என்றனர் ஒரு சாரார். மறு சாரார் கேட்டது வேறு. கோரையாற்றுப் பறவைகளைப் பற்றி நீங்கள் ஒரு தளம் தொடங்குகிறீர்கள். அது இலவசப் பட்டியலில் இல்லை. அந்த ஏழை மாணவர் அதை எப்படிப் படிப்பார்? உங்கள் வாயை யாரும் மூடவில்லை. ஆனால் உங்கள் குரல் அவருக்கு எட்டவுமில்லை!

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2016 பிப்ரவரி 8 அன்று இத்தகைய பாகுபாட்டுக் கட்டணங்களைத் தடை செய்தது. மீறினால் நாளொன்றுக்கு ரூ.50,000 அபராதம், உச்சவரம்பு ரூ.50 லட்சம். தளங்களைத் தடுப்பதும் தாமதப்படுத்துவதும் கூடாது என்ற பரிந்துரையை 2018-ல் அரசு ஏற்றது. தொலைவிலிருந்து செய்யும் அறுவை சிகிச்சை போன்ற சிறப்புச் சேவைகளுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவிலோ, 2024-ல் மீண்டும் வந்த விதிகளை 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்தது.

மதுரைச் சாலையில் ஆம்புலன்சுக்கு எல்லோரும் ஒதுங்கி வழிவிடுகிறோம். அதிகப் பணம் கட்டிய வண்டிக்காகவும் ஒதுங்க வேண்டுமா? வகுப்பில் விவாதித்துப் பாருங்களேன்!